இடது ஓரத்து இடம்

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் ஊருக்கெல்லாம் குளிரும். சண்முகசுந்தரி டீச்சருக்கு மட்டும் கோபம் வரும். வீடு குற்றாலத்தில், பள்ளிக்கூடம் தென்காசியில். இடையில் கிடக்கிற நாலைந்து கிலோமீட்டரை டவுன் பஸ்ஸில் கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தலையில் எண்ணெய் வழிய ஒருவர் நிற்பார், ஈரத்துண்டைப் பிழியாமல் தோளில் போட்டபடி ஒருவர் இடிப்பார், அருவியில் நனைந்த டிரவுசரோடு ஒருவர் சீட்டில் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார். அந்த இடத்தில் இஸ்திரி போட்ட பருத்திச் சேலையோடு எப்படி உட்காருவது? ஐம்பத்தாறு வயதில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "இவனுவ குளிச்சது போதாதுன்னு பஸ்ஸையும் குளிப்பாட்டுதானுவ" என்று பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி முணுமுணுப்பார்.

அன்றைக்கு அவர் முணுமுணுக்கவில்லை. ஈர சீட்டிலேயே பேசாமல் உட்கார்ந்துவிட்டார். இலஞ்சி தாண்டுகிற வரைக்கும் டிக்கெட் எடுக்கவில்லை என்பதுகூட நினைவில்லை, கண்டக்டர்தான் இரண்டு தடவை கேட்டார். எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் ஸ்ரீவித்யா சொன்ன ஒரு பெயரால் வந்த வினை.

ஸ்ரீவித்யா அதே தொடக்கப்பள்ளியின் இன்னொரு ஆசிரியை. சண்முகசுந்தரி தலைமையாசிரியை. ஆக மொத்தம் ரெண்டே டீச்சர்கள், இருபத்துமூன்று பிள்ளைகள். ஒரு அட்மிஷன் வந்தாலே ஸ்ரீவித்யா துள்ளிக் குதிப்பாள்.

"டீச்சர், நாளைக்கு இருபத்துநாலு ஆயிரும்! ஒண்ணாங் கிளாஸுக்கு ஒரு பாப்பா. பேரு சஃப்ரின். அவ அம்மா நம்ம ஸ்கூல் பழைய ஸ்டூடண்டாம். உங்க நம்பரைக் கேட்டாங்க, நேர்லயே வாங்கன்னுட்டேன். உங்களைத்தான் பாக்கணுமாம். ஒரு முக்கியமான விஷயம் பேசணும்னு சொல்லுதாங்க."

"அம்மா பேரு?"

"ஹம்னா."

டீச்சர் கையிலிருந்த வருகைப் பதிவேட்டை மூடிவைத்தார். பழைய மாணவி என்று யாராவது வந்தால் பெயர் சொல்லி, அப்பா பெயர் சொல்லி, எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என்பது வரைக்கும் சொல்லிப் பெருமையடித்துக்கொள்கிற ஆள். இந்தப் பெயருக்கு மட்டும் "சரி, வரட்டும்" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருபத்துநான்கு வருஷத்துக்கு முந்தைய கதை அது. டீச்சருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, இதே பள்ளி, இதே ஒன்றாம் வகுப்பு. அப்போது ஒரு வகுப்பில் மட்டுமே நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு சாத்தி வைத்திருப்பார். அடிக்கிறாரோ இல்லையோ, அது அங்கே இருக்க வேண்டும். பிரம்பு இல்லாத டீச்சரைப் பெற்றோர்களே மதிக்க மாட்டார்கள்.

ஹம்னா அந்த வருஷம் சேர்ந்த பிள்ளை. நெசவுக்காரர் வீடு. உருண்டை முகம், நீல ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை. சிலேட்டைக் கொடுத்தால் பல்பத்தை இடது கையில்தான் எடுப்பாள். டீச்சர் பிடுங்கி வலது கையில் வைப்பார். திரும்பிப் பார்ப்பதற்குள் பல்பம் இடது கைக்குப் போயிருக்கும். "பீச்சாங்கையால சரஸ்வதியைத் தொடுவியாட்டி?" என்று அதட்டுவார். முஸ்லிம் வீட்டுப் பிள்ளையிடம் சரஸ்வதியை இழுத்தது இன்னொரு கூத்து. அன்றைக்கு அதெல்லாம் யார் யோசித்தார்கள்?

ஒரு நாள் பொறுமை போயிற்று. பிள்ளையின் இடப்பக்கச் சடையிலிருந்து ரிப்பனை அவிழ்த்து, இடது கையை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய்ப் பாவாடை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். இறுக்கியெல்லாம் கட்டவில்லை. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் அவிழ்ந்துவிடும். ஹம்னா இழுக்கவே இல்லை. அதற்குப் பிறகு தினமும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும், சொல்லாமலே டீச்சர் முன்னால் வந்து திரும்பி நின்று கையைப் பின்னால் நீட்டுவாள். ஒரு சடை தொங்க, ஒரு சடை மடிந்திருக்க, வலது கையால் 'அ' போடுவாள். அது கோணிக்கொண்டு போகும். மூன்று மாதத்தில் நேராகிவிட்டது.

யாரும் டீச்சரைக் குறை சொல்லவில்லை. அப்போதைய தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஹம்னாவின் உம்மா ஒரு தூக்குச்சட்டியில் வட்டிலப்பம் கொண்டுவந்து, "எங்களால முடியலை டீச்சர், நீங்க மாத்திட்டீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியுமாக அப்படி ஒரு ருசி. டீச்சர் வழித்துச் சாப்பிட்டார்.

அரைப்பரீட்சைக்குப் பிறகு பிள்ளைக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது. "டீ... டீ... டீச்சர்" என்று நிற்பாள், கண்ணில் தண்ணீர் முட்டும், வார்த்தை வராது. பையன்கள் சிரிப்பார்கள். சரியாகிவிடும் என்று டீச்சரும் விட்டுவிட்டார். முழுப்பரீட்சை முடிந்ததும் அந்தக் குடும்பம் புளியங்குடிப் பக்கம் போய்விட்டது.

பத்து வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஆலங்குளம் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாகியிருந்த டீச்சரும் போயிருந்தார். பயிற்றுநர் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார்: "இடது கைப் பழக்கம் இருக்கிற பிள்ளையை வலுக்கட்டாயமா மாத்தாதீங்க. அது குறை இல்லை, அந்தப் பிள்ளையோட மூளை அப்படி. போட்டுப் படுத்தினா சில பிள்ளைகளுக்குப் பேச்சுகூடத் திக்கலாம்னு சொல்றாங்க." சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். சண்முகசுந்தரி டீச்சர் போகவில்லை. அன்று மதியம் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு அவரிடம் வந்த இடது கைப் பிள்ளைகள் ஏழு பேர். ஏழு பேரையும் வரிசையின் இடது ஓரத்தில் உட்காரவைத்தார், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்கக் கூடாதே என்று. மாற்றலில் திரும்ப இந்தப் பள்ளிக்கே வந்தபோதும், எந்த வகுப்பானாலும் இடது ஓரத்து இடத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. பிரம்பு போயிற்று. கரும்பலகை போய்ப் பச்சைப் பலகை வந்தது, அப்புறம் சுவரில் பெரிய திரை வந்தது. பிள்ளைகளுக்குக் காலையில் கிச்சடியும் உப்புமாவும் வந்தது. 'டீச்சர்' போய் 'மிஸ்' வந்தது. பாட்டுப் பாடி, அட்டையைத் தூக்கிக் காட்டி, தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஐம்பது வயதுக்கு மேல் அவரும் கற்றுக்கொண்டார். ஆனால் ஏழு பிள்ளைக்கு இடம் விட்டதால் முதல் பிள்ளைக்குச் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? எங்கே யார் திக்கிப் பேசினாலும் டீச்சருக்கு ஹம்னா ஞாபகம் வரும். கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது அந்த ஹம்னா வருகிறாள், முக்கியமான விஷயம் பேச வேண்டுமாம். வேறு எதைப் பேசப் போகிறாள்? உன்னால்தான் என் பேச்சு போயிற்று என்று கேட்கப் போகிறாள். பிள்ளைகள் முன்னால் கேட்பாளோ? ஸ்ரீவித்யா இருக்கும்போதா? கேட்கட்டும், கேட்க வேண்டியதுதானே என்று ஒரு பக்கம். பாவம், அவளால் கேட்கத்தான் முடியுமா, வாய் திக்குமே என்று இன்னொரு பக்கம். புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டியவர் அதையும் தாண்டிப் போய் இறங்கி, தூறலில் திரும்பி நடந்தார்.

பத்தரை மணிக்கு ஹம்னா வந்தாள்.

வந்தாள் என்பதைவிட முதலில் குரல்தான் வந்தது. கேட்டுக்கு வெளியே ஆட்டோக்காரரிடம் அவள் பேசிக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, நீங்க சொன்ன வழியில வந்திருந்தா நாங்க இந்நேரம் பண்பொழிலதான் நிப்போம். யாரு ஒங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது? கொஞ்சம் நில்லுங்க, பத்தே நிமிஷம், இங்கனயே நில்லுங்க, போயிராதீங்க." எங்கேயும் தடங்கல் இல்லை, மூச்சு விடக்கூட இடமில்லை.

டீச்சர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கறுப்பு புர்கா, உருண்டை முகம். அதே முகம்தான். ஒரு கையில் குடை, ஒரு கையில் பிள்ளை.

"டீச்சர்! என்னைத் தெரியுதா? அப்படியே இருக்கீங்க, முடிதான் நரைச்சிருக்கு. இந்த ரூமு முன்னால ஓடுல்லா போட்டிருந்துச்சு? மழை வந்தா ஒழுகும், நீங்க வாளி வைப்பீங்க. ஏட்டி சஃப்ரின், டீச்சருக்கு சலாம் சொல்லு. இவ பேசமாட்டா டீச்சர், அவ வாப்பா மாதிரி. அவுங்க பேரு உவைஸ், சவுதியில தம்மாம்ல இருக்காங்க, போன்லயும் 'ம்'னுதான் சொல்லுவாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசுதேன்."

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது.

"என்ன டீச்சர், மேலுக்கு முடியலையா?"

"இல்லட்டி. நீ... உனக்குப் பேச்சு திக்கிட்டு இருந்துச்சே? ஒண்ணாங் கிளாஸ்ல?"

"அதா!" ஹம்னா சிரித்தாள். "அது எங்க வாப்பா சவுதிக்குப் போனாங்கள்லா, அப்போ வந்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல ஏத்தி விட்டுட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுட்டாம், உம்மா சொல்லுவாங்க. வாப்பா மொத லீவுல வந்ததும் போயிருச்சு. அப்புறம் திறந்த வாய்தான், இன்னைக்கு வரைக்கும் மூடலை. எங்க மாமி ஹைருன் பீவி, இவ வாப்பாவோட உம்மா, கும்பிடாத குறை, கொஞ்சம் மூடும்மான்னு."

அரைப்பரீட்சைக்கு அப்புறம். ஆமாம், அந்த வாப்பாவை அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்க்கவில்லை. டீச்சருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இத்தனை வருஷம் நெஞ்சில் கட்டித் தூக்கிக்கொண்டு அலைந்த கல்லை யாரோ பேச்சோடு பேச்சாக எடுத்துக் கீழே வைத்துவிட்டார்கள். சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரித்தும்விட்டார். ஸ்ரீவித்யா ஒன்றும் புரியாமல் இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஹம்னா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "உம்மா குடுத்துவிட்டாங்க, வட்டிலப்பம். டீச்சருக்குப் பிடிக்கும்னு சொல்லி. சரி, நான் வந்த விஷயத்தைச் சொல்லிருதேன். இவளைப் பாருங்க."

சஃப்ரின் அதற்குள் தரையில் கிடந்த ஒரு கிரேயான் துண்டை எடுத்துத் தாளில் கிறுக்க ஆரம்பித்திருந்தாள். இடது கையில்.

"என்னைக் கொண்டே பிறந்திருக்கா டீச்சர். எல்லாத்துக்கும் பீச்சாங்கைதான். எங்க மாமிக்குக் கண்ணுல பட்டாலே ஆகலை. மெட்ரிக் ஸ்கூல்ல கேட்டேன். அங்கன அதெல்லாம் மாத்த மாட்டோம்னுட்டாங்க. அப்பத்தான் உங்க நினைப்பு வந்துச்சு. எனக்கு மாத்துனது நீங்கதான? கல்யாணமாகிப் போன வீட்டுல நான் பெருமையா சொல்லுவேன், எங்க டீச்சர் ரிப்பனை வச்சே மாத்துனாங்கன்னு. உங்க கைராசி டீச்சர். இவளுக்கும் மாத்தி விடுங்க."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு ரிப்பனை எடுத்தாள். நீல ரிப்பன். புதுசு, கடைச் சுருள் பிரிக்காதது.

டீச்சருக்கு வந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ரிப்பனைத் தொடாமல் பார்த்தார். முதலில் வாய்க்கு வந்தது எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் வருகிற பதில்தான்.

"இப்போ அப்படியெல்லாம் செய்யக் கூடாது ஹம்னா. மேல இருந்து எங்களைக் கேப்பாங்க."

"யாருக்குத் தெரியப் போவுது? பெத்தவ நான் சொல்லுதேன். நான் எதும் கேக்க மாட்டேன். அழுதாலும் விட்டுருங்க, நானும் ரெண்டு நாள் அழுதேம்லா, அப்புறம் பழகிருச்சு."

சொல்லாமல் விட்டுவிடலாம். திக்குவாய் தன்னால் வரவில்லை என்று தெரிந்தாயிற்று, எதிரே இருப்பவள் நன்றியோடு இனிப்பு கொண்டுவந்திருக்கிறாள். "பார்க்கலாம்மா" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, பிள்ளையை இஷ்டம்போல் எழுதவிட்டால் போதும். ஆனால் வீட்டில்? இவளே வீட்டில் கட்டுவாள். அந்தப் புது ரிப்பன் அதற்குத்தான். டீச்சர் செய்தது நல்லது என்று இவள் நம்புகிற வரைக்கும் அந்தப் பிள்ளையின் கைக்கு விடுதலை இல்லை.

டீச்சர் வட்டிலப்ப டப்பாவை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"ஹம்னா, நான் அன்னைக்குச் செஞ்சது தப்பு."

"என்ன டீச்சர்?"

"உன் கையைக் கட்டுனேன் பாரு, அது தப்பு. எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சப்புறம் உன்னைத் தேடி வந்து சொல்லியிருக்கணும், அதையும் செய்யலை. பயம். நீ திட்டத்தான் வாறேன்னு நினைச்சு நேத்துல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. நீ என்னடான்னா இனிப்போட வந்து நிக்கே."

வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த அறை அமைதியானது. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், அதற்கும் ஹம்னா திரும்பவில்லை.

"சில பேருக்கு வலது கை பழகும், சில பேருக்கு இடது கை. உயரம் குட்டை மாதிரி அதுவும் பிறவியில வாறதுதான். அதுல மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லை. நான் உன்னை மாத்தலை ஹம்னா, நல்லா எழுதுற ஒரு கையைக் கட்டிப் போட்டேன். அவ்வளவுதான்."

ஹம்னா தன் இடது கையை மடியிலிருந்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாரோ கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல.

"இப்பவும் வெங்காயம் வெட்டுறது இதுலதான் டீச்சர்," என்றாள் மெதுவாக. "மாமி வந்தா கத்தியை மாத்திப் பிடிச்சுக்குவேன். தையல் மிஷின்ல கத்திரிக்கோலும் இதுலதான். ஆளில்லாதப்போ. கலியாண வீட்டுல பரிமாறச் சொன்னா முந்திக்கிட்டு கரண்டியை நீட்டிரும்னு பயந்து, இதைப் புர்காவுக்குள்ளயே வச்சுக்குவேன்." கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். "அப்போ என் கையில குத்தம் ஒண்ணும் இல்லையா டீச்சர்?"

"ஒரு குத்தமும் இல்லைம்மா."

"எப்பவுமே இல்லையா?"

"எப்பவுமே இல்லை. குத்தம் என் மேலதான்."

திட்டுவாள் என்று டீச்சர் காத்திருந்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஹம்னா அழுதாள். தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ஸ்ரீவித்யா தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அழுகை கொஞ்ச நேரம்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஒரு பெரிய மூச்சு விட்டாள், அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர்கள் விடுவார்களே, அப்படி.

"முன்னாலயே சொல்லக் கூடாதா நீங்க?" என்றாள். அதில் கோபமும் இருந்தது. பிறகு தலையை ஆட்டினாள். "மாமிகிட்ட என்ன சொல்ல?"

"சாப்பிடுறது உங்க வீட்டு முறை. அதுல நான் தலையிட மாட்டேன், சோத்தாங்கையால சாப்பிடட்டும், பிள்ளை பழகிக்கும். எழுதுறது என் வகுப்பு. அங்கன அவ இஷ்டம். மாமியை ஒரு நாள் கூட்டிட்டு வா, நானே சொல்லுதேன்."

"நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னாத்தான் மூடுன்னு சொல்லுவாங்க."

இதைச் சொல்லும்போது பழைய ஹம்னா திரும்பிவிட்டாள். ஸ்ரீவித்யாவுக்கும் உயிர் வந்தது, இருபத்துநாலு கைவிட்டுப் போகவில்லையே. பரபரவென்று சேர்க்கைப் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டீச்சர் சஃப்ரினைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய், பாயின் இடது ஓரத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். "இது உன் இடம்." பிள்ளை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, கிரேயானை இடது கைக்கு மாற்றிக்கொண்டது.

டீச்சர் திரும்பி வந்தபோது ஹம்னா படிவத்தைப் பூர்த்தி செய்து முடித்திருந்தாள். முத்து முத்தாக வலது கை எழுத்து. அந்த எழுத்தைப் பார்க்க டீச்சருக்குக் கூச்சமாக இருந்தது. பெற்றோர் கையொப்பம் என்று போட்ட இடம் மட்டும் காலியாக இருந்தது.

"கையெழுத்து போட்டுரு, முடிஞ்சது."

ஹம்னா பேனாவைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், மாமி நிற்கிறாரா என்று பார்க்கிறவள் மாதிரி. பேனாவை இடது கைக்கு மாற்றினாள். விரல்களுக்குள் அது ஒழுங்காக உட்காரவில்லை, இரண்டு தடவை சரிசெய்துகொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். 'ஹ' கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. 'ம்' புள்ளியில்லாமல் சரிந்தது, பிறகு ஞாபகம் வந்து புள்ளி வைத்தாள். 'னா' பக்கத்து வரியில் போய் முட்டி நின்றது. மூன்று எழுத்துக்கு முழு இரண்டு நிமிஷம் ஆனது. ஆட்டோக்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார்.

கதவோரத்தில் சஃப்ரின் வந்து நின்றிருந்தாள். அவள் உம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, நீயும் பீச்சாங்கையா?"

அன்று அந்தப் பிள்ளை பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஆமாம்ட்டி," என்றாள் ஹம்னா. பிறகு படிவத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். "ஐயே, நல்லாவே இல்லை டீச்சர். கோணிக்கிட்டு போயிருக்கு. வேற ஃபாரம் குடுங்க, சோத்தாங்கையால போட்டுருதேன்."

டீச்சர் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேஜைமேல் கிடந்த ரிப்பன் சுருளால் மற்றத் தாள்களோடு சேர்த்துக் கட்டி, இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"இருக்கட்டும்," என்றார். "ஒண்ணாங் கிளாஸ்ல எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான் வரும்."